சரிபோலத் தெரியும் விடைகள்: அணுக்கருக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்பு-56 அணுக்கருவில் ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டானோ நியூட்ரானோ) எவ்வளவு பிணைப்பாற்றல், அதாவது கருவில் கட்டி வைக்கும் ஆற்றல், என்று நிரல் எழுதி ஓட்டுகிறீர்கள். விடை 855 என்று வந்தால் பிரச்சினை இல்லை. யாரும் நம்பமாட்டார்கள், உட்கார்ந்து தவறைத் தேடுவீர்கள். 8.55 என்று வந்தால்தான் வில்லங்கம்.

இந்த 8.55 சும்மா சொன்ன எண் கிடையாது. 26 புரோட்டான், 30 நியூட்ரான் நிறைகளைக் கூட்டி, அதிலிருந்து அட்டவணையில் உள்ள இரும்பின் நிறையைக் கழித்திருப்பீர்கள் (குறையும் நிறைதான் பிணைப்பாற்றல்). அட்டவணை தருவது அணுவின் நிறை. அதற்குள் 26 எலக்ட்ரான்களும் உட்கார்ந்திருக்கின்றன. புரோட்டானுக்குப் பதில் ஹைட்ரஜன் அணுவின் நிறையைப் போட்டிருந்தால் எலக்ட்ரான்கள் இரு பக்கமும் அடிபட்டுப் போயிருக்கும். வெறும் புரோட்டானைப் போட்டதால் 26 × 0.511, அதாவது 13.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி) காணாமல் போய்விட்டது. 56ஆல் வகுத்தால் 0.24. சரியான விடை 8.79. பாடப்புத்தக வளைகோட்டின் மேல் 8.55ஐக் குறித்துப் பாருங்கள், தவறென்றே தோன்றாது. பாசிட்ரான் வெளிவரும் சிதைவில் 1.022 எம்இவியைத் தொலைப்பதும் இதே குடும்பத்துத் தவறுதான்.

இரும்பு என்றதும் இன்னொன்று. நியூக்ளியானுக்கு மிக அதிகப் பிணைப்பாற்றல் கொண்டது இரும்பு-56 என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். அந்த இடம் நிக்கல்-62க்கு உரியது: 8.795, இரும்புக்கு 8.790. நியூக்ளியானுக்கு மிகக் குறைந்த நிறை என்ற பெருமைதான் இரும்பு-56க்கு. இரும்பில் புரோட்டான் விகிதம் சற்று அதிகம், புரோட்டான் நியூட்ரானைவிட லேசானது. அதனால் இரண்டு பட்டமும் ஒரே கருவுக்குப் போகவில்லை.

சரி, இதெல்லாம் கால்குலேட்டர் மட்டத்துத் தவறுகள். நியூக்ளியான்களைக் கூடு கூடாக அடுக்கிப் பார்க்கும் ஷெல் மாடலுக்குள் நுழைந்தால் தவறுகளுக்கும் விவரம் வந்துவிடும்.

நியூக்ளியான் நிலைகளை எழுதப் பயன்படும் அலையுந்தி (ஆசிலேட்டர்) அலைச்சார்பின் குறி இதற்கு நல்ல உதாரணம். ஆர அலைச்சார்பு மையத்தருகே நேர்க்குறியாக இருக்கட்டும் என்று சில நிரல்கள் வைத்துக்கொள்ளும்; தொலைவில் நேர்க்குறியாக இருக்கட்டும் என்று வேறு சில. இரண்டும் நியாயமான வழக்கங்களே. எஸ், டி நிலைகள் சேர்ந்த எஸ்-டி கூட்டில், அந்த இரண்டு நிலைகளுக்கு இடையே ஆர வர்க்கத்தின் மதிப்பு ஒரு வழக்கத்தில் கழித்தல் √10, மற்றதில் கூட்டல் √10 (அலையுந்தி நீளத்தின் வர்க்கத்தை அலகாகக் கொண்டால்). விசையின் எண்களை ஓரிடத்திலிருந்தும் மின் நான்முனை மாற்றத்துக்கான (கரு காமா கதிர் விட்டு மட்டம் மாறும் ஒரு வகை) எண்களை வேறிடத்திலிருந்தும் எடுத்தால் என்ன நடக்கும்? ஆற்றல் மட்டங்கள் எல்லாம் அச்சு அசலாகச் சரியாக வரும். மாற்ற வலிமை மட்டும், கூட வேண்டிய பங்குகள் கழிந்து, படுத்துவிடும். ஆற்றல் சரியாக இருக்கிறதே என்ற தைரியத்தில் நாம் விசையைக் குறைசொல்லிக் கட்டுரை எழுதத் தொடங்கிவிடுவோம். நான் ஒருமுறை இரண்டு வாரம் அப்படித்தான் போனேன். மட்ட எண் 0இல் தொடங்குகிறதா 1இல் தொடங்குகிறதா, சுற்றுப்பாதை உந்தமும் தற்சுழற்சியும் எந்த வரிசையில் சேர்க்கப்பட்டுள்ளன என்பவையும் இதே ரகம். கோப்பின் தலைப்பில் இந்த வழக்கங்களை எழுதி வைக்காதவர்களை மன்னிக்கலாம்; எழுதி வைத்ததைப் படிக்காதவர்களை என்ன செய்வது?

அப்புறம் பேய் நிலைகள். ஷெல் மாடல் கணக்கு கடைசியில் ஒரு பெரிய அணியில் வந்து நிற்கும். சிலிக்கான்-28ஐ எஸ்-டி கூட்டில் வைத்தால் 93,710 அடிப்படை நிலைகள். நிக்கல்-56ஐ அதற்கு மேலுள்ள பி-எஃப் கூட்டில் வைத்தால் நூறு கோடிக்கு மேல். அத்தனையையும் முழுதாகத் தீர்க்க முடியாது. அடிமட்டத்து நிலைகள் சில போதும் என்று லாங்சோஸ் முறையைப் பிடிக்கிறோம்; ஒரு தொடக்க வெக்டரிலிருந்து சுற்றுக்கு ஒரு வெக்டராகச் சேர்த்துக்கொண்டே போவது அது. காகிதத்தில் அதன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து. கணினியிலோ இலக்கங்கள் வெட்டுப்படுவதால் அந்தச் செங்குத்துத்தன்மை மெல்லக் கரைகிறது. ஏற்கெனவே கிடைத்த தரைநிலை மறுபடி எட்டிப் பார்க்கும். முதலில் நடுவில் எங்கோ ஒரு புது மட்டமாகத் தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் கீழே இறங்கி, கடைசியில் தரைநிலையின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். இறங்கும் வழியில் நிரலை நிறுத்தியிருந்தால், அது புதிய கிளர்நிலை போலவே தெரியும்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னப் பிடி இருக்கிறது. ஒரே தொடக்க வெக்டரிலிருந்து கிளம்பும் லாங்சோஸ், துல்லியமான கணிதத்தில், ஒரே ஆற்றலை இரண்டு முறை தரவே முடியாது. இரட்டை வந்தால் ஒன்று பேய். பழைய வெக்டர்கள் அனைத்தோடும் திரும்பத் திரும்பச் செங்குத்தாக்குவதுதான் மருந்து. நேரமும் நினைவகமும் செலவாகும், ஆனால் வேறு வழி தேடிச் சிக்கனம் பிடிக்க இது இடமில்லை.

முதல் தத்துவத்திலிருந்து, அதாவது நியூக்ளியான்களுக்கு இடையிலான விசையிலிருந்தே, தொடங்கும் கணக்குகளில் சபலம் வேறு வடிவத்தில் வரும். அடிப்படை நிலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள், ஆற்றல் இறங்கிக்கொண்டே வருகிறது, ஓரிடத்தில் சோதனை மதிப்பைத் தொடுகிறது. அங்கே நிறுத்தாதீர்கள். இன்னும் இறங்குகிறது என்றால் அது விடையாகாது, வழியில் வந்த ஒரு ஸ்டாப்பிங் மட்டுமே. அலையுந்தி அதிர்வெண்ணைச் சோதனையோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுப்பதும் இதே ஏமாற்றுதான். விடை அந்த அதிர்வெண்ணைச் சாராமல் தட்டையாகும்வரை போக வேண்டும். ஆற்றல் நிலைத்துவிட்டது, ஆரமும் நிலைத்திருக்கும் என்று நினைப்பது அடுத்த சறுக்கல். அலையுந்தி நிலைகளின் வால் காஸ் சார்பாக விழும். கருவின் உண்மையான வாலோ அடுக்குக்குறியாக, நிதானமாக விழும். ஆரம் அந்த வாலைத்தான் நம்பியிருக்கிறது, ஆகவே தாமதமாகத்தான் வந்து சேரும்.

இனி விவாதங்களுக்கு வருவோம். பல வருடம் நடந்த வாதங்களில் சில, அளக்க முடியாத ஒன்றை அளவீடு போல நடத்தியதால் வந்தவை. டியூட்ரானில் (ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான் கொண்ட கரு) டி-நிலைப் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூக்ளியான்களுக்கு இடையிலான விசைக்கு எழுதப்பட்ட மாதிரிகளில் ஆர்கோன் வி18 விசை 5.76 சதவீதம் என்கிறது, சிடி-பான் விசை 4.85 என்கிறது. எது உண்மை? கேள்வியே தவறு. யூனிட்டரி உருமாற்றம் (அளக்கக்கூடியதை மாற்றாமல் விவரிப்பை மட்டும் மாற்றும் கணித மாற்றம்) ஒன்றைச் செய்தால் இந்தச் சதவீதம் மாறும், 2.2246 எம்இவி பிணைப்பாற்றலும் சிதறல் முடிவுகளும் அசையாது. எந்தச் சோதனையும் இந்தச் சதவீதத்தை நேரடியாக அளக்காது என்பது 1979இலேயே தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. இன்றும் இரண்டு விசைகளை ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்துக் கட்சி பிரிவதைப் பார்க்கலாம்.

இதே உருமாற்றம்தான் விசைகளை மென்மையாக்கி, கணக்குக்குச் சுலபமாக்கவும் பயன்படுகிறது, அங்கே வேறொரு பொறி. உருமாற்றும்போது முன்பு இல்லாத மூன்று துகள் விசைகள் பிறக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டால், மென்மையாக்கும் அளவுருவை நகர்த்த நகர்த்த டிரைட்டானின் (ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான் கொண்ட கரு) பிணைப்பாற்றலும் நகரும். ஏற்கெனவே ஆர்கோன் வி18 தனியாகத் தருவது 7.62 எம்இவி, சோதனை 8.48, அந்த வித்தியாசத்தை மூன்று துகள் விசை நிரப்ப வேண்டும். அளவுருவைத் திருகி 8.48க்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர் அந்த விசை தேவையில்லை என்று நிரூபித்துவிடவில்லை.

இன்றைய விவாதங்களில் அவசரம் அதிகம் தெரிவது நியூட்ரான் தோல் விஷயத்தில்; கருவில் நியூட்ரான்களின் ஆரம் புரோட்டான்களின் ஆரத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதே இந்தத் தோல். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் ஈயம்-208க்கு 2021இல் வெளியான மதிப்பு 0.283 ± 0.071 ஃபெம்டோமீட்டர். அடுத்த ஆண்டு கால்சியம்-48க்கு 0.121 என்று வந்தது. முதலாவது தடித்த தோல், இரண்டாவது மெல்லியது. இரண்டையும் ஒரே மாதிரிக்குள் வசதியாக உட்கார வைக்க முடியாமல் கோட்பாட்டாளர்கள் திணறுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வகம் உண்மையில் அளந்தது தோலை அல்ல. வலச்சுழி, இடச்சுழி எலக்ட்ரான்கள் சிதறுவதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை அளந்தது. தோல் அதிலிருந்து மாதிரிகள் வழியே வந்தது.

ஈயத்தின் முடிவை வைத்துச் சமச்சீர் ஆற்றலின் சரிவைக் (நியூட்ரான் மிகுவதற்கு ஆகும் கூடுதல் ஆற்றல் அடர்த்தியோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை) கணக்கிட்டபோது ஒரு குழுவுக்கு 106 ± 37 எம்இவி வந்தது. இன்னொரு குழு, ஈயத்தின் மின் இருமுனை முனைவாக்கத்தையும் (மின்புலத்தில் கரு எவ்வளவு இழுபடுகிறது என்பதையும்) சேர்த்துப் பார்த்து, 54 ± 8 என்றது. மைய எண்களை மட்டும் பார்த்தால் இரட்டிப்பு வித்தியாசம், பெரிய சண்டை. பிழைகளோடு பார்த்தால் சண்டைக்கு அவ்வளவு வேகம் இல்லை. இதற்குள் 106ஐ மட்டும் எடுத்துக்கொண்டு நியூட்ரான் விண்மீன்களின் ஆரத்தை மாற்றி எழுதியவர்களும் உண்டு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மெசா முடுக்கியில் ஈயத்தின் தோலை 0.03 ஃபெம்டோமீட்டர் துல்லியத்தில் அளக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த எண் வரும்வரை, எழுதும் இடத்திலெல்லாம் அந்த 37ஐயும் சேர்த்தே எழுதுங்கள்.