டாக்டர் சொன்னது ஒன்று, திரையில் வந்தது வேறு

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குத் தாம்பரம், அண்ணா நகர், அடையாறு என்று மூன்று கிளைகள். டாக்டர்கள் ரிப்போர்ட்டை வாயால் சொல்லச் சொல்ல, மென்பொருள் எழுத்தாக்கிவிடும். அதைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை தாம்பரம் டாக்டரிடமிருந்து போன். “என்ன தம்பி, சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” அவர் ‘சிஸ்ட்’ என்றால் திரையில் ‘ஃபிஸ்ட்’ என்று வருகிறதாம். கல்லீரலில் கட்டி இருக்கலாம், முஷ்டி எப்படி இருக்கும்!

அவருடைய குரலையும் சொற்களையும் மென்பொருள் பதிந்து வைத்திருக்கும் ‘குரல் புரொஃபைல்’ கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று உருவாக்கினேன். வெட்டி வேலை. அவர் மாதக்கணக்கில் சேர்த்த சொற்களும் திருத்தங்களும் போனதுதான் மிச்சம். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

நேரில் போனபோதுதான் மேசையில் இருந்த புது புளூடூத் ஹெட்செட் கண்ணில் பட்டது. புளூடூத்தில் பாட்டு கேட்கும்போது ஒலி நன்றாகவே இருக்கும். மைக்கைத் திறந்ததும் இணைப்பு போன் பேசும் முறைக்கு இறங்கிவிடும். அதிலும் பழைய வகை என்றால், ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து மாதிரி எடுக்கும். எங்கள் மென்பொருள் எதிர்பார்ப்பது 16,000. ‘ஸ’வையும் ‘ஃப’வையும் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண்கள் அதில் வெட்டுப்பட்டுப் போகும்.

பழைய யூஎஸ்பி ஹெட்செட்டை மாட்டி, விண்டோஸில் அதையே முதன்மை மைக்காக வைத்து, ஒலி அளவுச் சோதனையை மறுபடி ஓட்டினேன். சரியாகிவிட்டது.

அப்புறம் மூன்று கிளைகளுக்கும் ஒரே மாடல் யூஎஸ்பி ஹெட்செட் வாங்கிக் கொடுத்தோம். ஒயர் இடைஞ்சல் என்று அடையாறு டாக்டர் ஒருவர் மட்டும் இன்னும் என்னை முறைக்கிறார்.