ஆர்.சி. ஜெட்: செர்வோவையும் டிரான்ஸ்மிட்டரையும் நான் அமைக்கும் முறை

பாலக்கோட்டில் இருக்கும் என் அக்கா மகன் போன பொங்கலுக்கு முதல் ஆர்.சி. ஜெட்டை, அதாவது ரிமோட்டில் பறக்கும் சின்ன ஜெட் விமானத்தை, வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்தான். 64 மில்லிமீட்டர் விசிறி, 4 செல் லைப்போ பேட்டரி, ஃபோம் உடல். "மாமா, எல்லாம் செட் பண்ணிட்டேன், சாயங்காலம் விடலாம்" என்றான். கையில் பிடிக்கும் ரிமோட்டான டிரான்ஸ்மிட்டரை வாங்கிப் பார்த்தேன். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் சப்-டிரிம் (நடு நிலையை நகர்த்தும் எண்) 60-ஐத் தாண்டியிருந்தது. விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகையான அயிலரான் ஒன்றுக்கு எண்ட் பாயிண்ட் (அசைவின் எல்லை) 55, இன்னொன்றுக்கு 90. திரையில் எண்களைத் தள்ளித் தள்ளியே எல்லாவற்றையும் நேராக்கியிருக்கிறான். அன்று சாயங்காலம் பறக்கவிடவில்லை. பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான செர்வோக்களின் கைகளை எல்லாம் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தோம். மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அப்போது அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓசூரில் 19 வருடம் லேத் ஓட்டியவன். மெஷினில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு நல்ல டூலைப் போட்டாலும் அளவு வராது. ஜெட்டும் அப்படித்தான். கையால் சரிசெய்ய முடிந்ததை எல்லாம் கையால் முடித்துவிட்டு, கடைசியில்தான் டிரான்ஸ்மிட்டரைத் தொடவேண்டும்.

ஜெட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அவன் கேட்டான். ப்ரொப்பெல்லர் விமானத்தில் காற்று முன்னாலிருந்து வால் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். மெதுவாகப் பறந்தாலும், மோட்டார் வேகத்தைக் கூட்டும் திராட்டிலைத் தள்ளிய அந்த நொடியே எலிவேட்டருக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். ஜெட்டில் விசிறிக் காற்று உடலுக்குள்ளேயே ஓடிப் பின்னால் போய்விடுகிறது; வால் மேல் படுவதில்லை. விமானம் ஓடினால்தான் பலகைகளுக்குக் காற்று. கையிலிருந்து எறியும்போது கிட்டத்தட்டப் பிடிமானமே இருக்காது. பத்து நொடி கழித்து 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே பலகை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே மூக்கு துள்ளும். ஒரே விமானத்தை இரண்டு விமானங்களுக்கு அமைப்பது போன்ற வேலை இது.

முதலில் தட்டையான இடம் வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் ஓரம் உடைந்த பலகைக் கல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், மூன்றடிக்கு இரண்டடி. அதை மேசை மேல் போட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் அட்டை சொருகிச் சமன் செய்துவிட்டால் போதும். விமானத்தை அதன் மேல் வைத்து, இரண்டு இறக்கை நுனியும் கல்லிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி ஃபோம் துண்டுகளால் முட்டுக் கொடுங்கள். இனி எல்லா அளவும் கல்லிலிருந்துதான். கண் அளவை நம்பவேண்டாம்.

மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் கனெக்டரில் கழற்றிவிட்டு, முனைகள் ஒன்றோடொன்று படாமல் டேப் சுற்றிவிடுங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யில், மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் பி.இ.சி. உள்ளேயே இருந்தால், சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் செர்வோவுக்கும் அது வழியாகக் கரண்ட் வந்துகொண்டிருக்கும். விசிறி மட்டும் சுற்றாது. கழற்றும் முன் எந்த வயர் எதோடு சேர்ந்திருந்தது என்று குறித்துவையுங்கள். இரண்டு இடம் மாறினால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும்.

டிரான்ஸ்மிட்டரில் புது மாடல் ஒன்றைத் திறந்து பெயர் வையுங்கள். பழைய விமானத்தின் மெமரியை நகலெடுக்க வேண்டாம். அதன் ரிவர்ஸும் (திசை மாற்றம்) மிக்ஸும் (ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் அசையும் சேர்க்கை) கூடவே வந்துவிடும். டிரிம் (பறக்கும்போது நடுவைத் திருத்தும் பொத்தான்), சப்-டிரிம் எல்லாம் பூஜ்யம், எண்ட் பாயிண்ட் எல்லாம் 100. ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணைத்து (பைண்ட் செய்து), குச்சிகளை நடுவில் விட்டு, கரண்ட் கொடுங்கள். இப்போது எல்லா செர்வோவும் தன் உண்மையான நடுவில், அதாவது ஏறத்தாழ 1500 மைக்ரோ செகண்ட் பல்ஸில் நிற்கும்.

செர்வோ கையை மாட்டும் இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். செர்வோ கையும், அதிலிருந்து பலகைக்குப் போகும் கம்பியான புஷ்ராடும் சரியாக 90 டிகிரியில் நிற்கவேண்டும். மாட்டிப் பார்த்தால் நிற்காது. ஒரு பல் முன்னே போட்டால் இந்தப் பக்கம் சாயும், பின்னே போட்டால் அந்தப் பக்கம் சாயும். எல்லோரும் சப்-டிரிமுக்குப் போவது இங்கேதான். போகாதீர்கள். பெரும்பாலான ஸ்டாண்டர்ட் செர்வோ தண்டில் 25 பல், சின்ன செர்வோக்கள் பலவற்றில் 21. 25 பல் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி. செர்வோவோடு வரும் நான்கு கை சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். 25-ஐ நான்கால் வகுத்தால் ஒன்று மிச்சம். அதனால் சிலுவையைக் கால் திருப்பு திருப்பி அடுத்த கையைப் பயன்படுத்தினால் கால் பல் அளவு, 3.6 டிகிரி, கோணம் மாறும். 21 பல்லிலும் மிச்சம் ஒன்றுதான். அங்கே ஏறத்தாழ 4.3 டிகிரி. நான்கு கையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்று 90-க்கு ஏறத்தாழ இரண்டு டிகிரிக்குள் வந்து நிற்கும். அந்தக் கையில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் வெட்டி எறியுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு சப்-டிரிம் போட்டால் தப்பில்லை. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

சப்-டிரிமை அதிகம் தள்ளினால் என்ன கெடும்? செர்வோவின் நடு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். கை சாய்ந்தே ஆரம்பிப்பதால் மேலே 12 மில்லிமீட்டர் போகும் பலகை கீழே 9 தான் போகும். பிறகு அதைச் சமன் செய்ய எண்ட் பாயிண்டை வெட்டவேண்டும். ஒரு பிழையை மூட இன்னொரு பிழை.

அடுத்தது ஓட்டை. செர்வோ கையில் உள்ளே இருக்கும் ஓட்டை, பலகையில் நிற்கும் சின்னக் கொம்பான ஹார்னில் வெளியே இருக்கும் ஓட்டை: இதுதான் பொது விதி. செர்வோ கியரில் ஒரு டிகிரி ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கையில் 10 மில்லிமீட்டர், ஹார்னில் 15 மில்லிமீட்டர் என்றால் பலகையில் அது முக்கால் டிகிரிக்கும் குறைவு. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்றரை டிகிரி. அதே செர்வோ, அதே விலை. பலகை போதுமான தூரம் போகவில்லை என்றால் மட்டும் செர்வோ கையில் ஓர் ஓட்டை வெளியே வாருங்கள். ஹார்னின் ஓட்டைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள்; முன்னே பின்னே இருந்தால் மேலும் கீழும் ஒரே அளவு போகாது.

இப்போது கரண்ட் இருக்கும்போதே பலகையின் பின் விளிம்பை விரல் நுனியால் மெல்ல ஆட்டுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பறக்கவிடாதீர்கள். ஆட்டம் எங்கே என்று தேடுங்கள்: புஷ்ராடு முனையில் ஹார்னைக் கவ்வும் கிளெவிஸின் பின்னுக்கு ஓட்டை பெரிதாக இருக்கலாம், ஹார்ன் ஃபோமில் தளர்ந்திருக்கலாம், புஷ்ராடு நடுவில் வில்லாக வளையலாம். வேகத்தில் இந்த ஆட்டம்தான் ஃபிளட்டராக மாறுகிறது. பலகை படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கீழே நிற்கும் நமக்கே கேட்கும். கேட்டதும் திராட்டிலை இறக்கி மூக்கை மெல்லத் தூக்கவேண்டும். பெரும்பாலும் அதற்கே நேரம் கிடைக்காது.

எல்லாம் இறுக்கமான பிறகு கிளெவிஸைத் திருகி, பலகைகளை இறக்கையோடு ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வால் இல்லாத டெல்டா ஜெட் என்றால் இரண்டு எலிவானும் (எலிவேட்டர், அயிலரான் இரண்டு வேலையையும் செய்யும் பலகை) ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கியே நிற்கவேண்டும். நேர்கோட்டில் வைத்தால் எறிந்தவுடன் மூக்கைக் குத்தும். டெல்டாவுக்கு டிரான்ஸ்மிட்டரில் எலிவான் மிக்ஸைத் திறக்க மறக்காதீர்கள்.

அப்புறம் திசை. விமானத்துக்குப் பின்னால், அதன் மூக்கு பார்க்கும் பக்கமே நீங்களும் பார்த்து நில்லுங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது அயிலரான் மேலே, இடது கீழே. உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. நிமிர்ந்த வாலின் பலகையான ரட்டருக்குரிய குச்சி வலது என்றால் ரட்டரின் பின் விளிம்பு வலது, மூக்குச் சக்கரமும் வலது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு அயிலரான் செர்வோ பழுதாகி வேறொன்று மாற்றினேன். அது பழையதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும் ரகம். பலகை அசைகிறதா என்று பார்த்தேன். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. எறிந்த நான்காவது நொடியில் விமானம் ராகிக் கொல்லையில் கிடந்தது. இரண்டு மாதச் சேமிப்பு அது.

விமானம் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் கைரோ உள்ள ரிசீவர் என்றால் இதோடு முடியாது. குச்சியைத் தொடாமல் விமானத்தைக் கையில் எடுத்து வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்துங்கள். வலது அயிலரான் கீழே போகவேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போகவேண்டும். விமானம் எந்தப் பக்கம் போகிறதோ அதை எதிர்க்கவேண்டும். குச்சிக்குச் சரியாகவும் கைரோவுக்குத் தலைகீழாகவும் இருக்கலாம், இரண்டும் தனித்தனி அமைப்பு. கெயினை, அதாவது கைரோ திருத்தும் வேகத்தை, குறைத்தே ஆரம்பியுங்கள். அதிகமானால் வேகத்தில் விமானம் நடுங்கும்.

இனித்தான் டிரான்ஸ்மிட்டர் எண்கள். மேனுவலில் கொடுத்த அளவைக் கல்லின் மேல் ஸ்கேல் நிறுத்தி அளந்து எண்ட் பாயிண்டை வையுங்கள். டூயல் ரேட், அதாவது சுவிட்சால் மாற்றும் பலகை அசைவு அளவு, இரண்டு நிலை: எறிவதற்கும் இறக்குவதற்கும் பெரியது, வேகத்துக்குச் சின்னது. அக்கா மகன் விமானத்துக்கு எலிவேட்டர் 12, 8 மில்லிமீட்டர், அயிலரானும் அதேதான். பெரியதில் எக்ஸ்போ (நடுக்குச்சியை மென்மையாக்கும் வளைவு) 30 சதவீதம், சின்னதில் 20. இதில் ஒரு எச்சரிக்கை. ஃபுடாபா டிரான்ஸ்மிட்டரில் மைனஸ் போட்டால்தான் நடுக்குச்சி மென்மையாகும்; ஸ்பெக்ட்ரமிலும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் டிரான்ஸ்மிட்டர்களிலும் பிளஸ். மாற்றிப் போட்டால் குச்சியைத் தொட்டாலே விமானம் வெட்டும். திரையில் வரும் வளைகோடு நடுவில் படுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தரையிறங்கும்போது தாழ்த்தும் இறக்கைப் பலகையான ஃபிளாப் இருந்தால், அது முழுதும் இறங்க இரண்டு நொடி எடுக்கும்படி வேகத்தைக் குறையுங்கள். ஃபிளாப் இறங்கினால் பல விமானங்களில் மூக்கு தூக்கும். அதற்கு எலிவேட்டர் மிக்ஸ் எவ்வளவு என்பதை நல்ல உயரத்தில் ஒருமுறை இறக்கிப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

திராட்டில் கட்டுக்கு (மோட்டாரை உடனே நிறுத்துவதற்கு) ஒரு சுவிட்ச் ஒதுக்குங்கள். மோட்டார் வயர்களைக் குறித்தபடி திரும்ப மாட்டுங்கள். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்ற அமைப்பில், திராட்டில் பூஜ்யம். டர்பைன் என்றால் இன்ஜினே அணையவேண்டும். வைத்தால் மட்டும் போதாது. ஒருவர் விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, விசிறியைக் கொஞ்சம் சுற்றவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், விசிறி நிற்கவேண்டும். மற்ற நேரத்தில் எப்போதும் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருப்பதை மறக்கவேண்டாம். அரசின் ட்ரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். நாங்கள் காவேரிப்பட்டினம் பக்கம், கடலை பிடுங்கிய ஒரு கொல்லைக்கு, சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனோம். காலை ஆறரை. வெயில் ஏறினால் காற்றும் ஏறும். காருக்குள் வெயிலில் கிடந்த ஃபோம் இறக்கை லேசாக வளைந்து, கல்லின் மேல் வைத்த நடு மாறிவிடும். அதனால் களத்திலும் ஒருமுறை எல்லாப் பலகையையும் பாருங்கள். சி.ஜி. (எடை சமன்படும் புள்ளி) மேனுவல் சொன்ன இடத்தில் இருக்கிறதா, பேட்டரி அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் டெஸ்ட் முறையில் (சிக்னலை வேண்டுமென்றே குறைக்கும் முறை) போட்டு 30 தப்படி நடந்து போய்க் குச்சிகளை ஆட்டுங்கள். டைமர் மூன்று நிமிடம்.

பெரிய ரேட்டில், முழு திராட்டிலில், அவன் ஓடிவந்து எறிந்தான். விமானம் ஒரு கை ஆழம் தாழ்ந்து பிறகு ஏறியது. உயரம் வந்ததும் சின்ன ரேட்டுக்கு மாற்றினேன். பாதித் திராட்டிலில் கையை எடுத்தால் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. அயிலரான் டிரிம் வலப்பக்கம் ஐந்து தட்டு. எலிவேட்டருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இறக்கியதும் அவன் பேட்டரியைக் கழற்றப் போனான். நிறுத்தி, டிரிம் போட்ட நிலையில் அயிலரான் பின் விளிம்பு இறக்கையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று ஸ்கேலில் அளக்கச் சொன்னேன். வலது ஒரு மில்லிமீட்டர் மேலே, இடது ஒரு மில்லிமீட்டர் கீழே. டிரிமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கிளெவிஸையும் அரைத் திருகு, முக்கால் திருகு என்று திருப்பித் திருப்பி அதே இடத்தில் நிறுத்தினோம். அடுத்த பேட்டரியைப் போட்டு அவன் குச்சியைப் பிடித்தான், இந்த முறை எறிந்தது நான்.