கழுவுவது வெளியே மட்டும் போதும், தங்கச்சிமாரே

வெள்ளைபடுகிறது, மணக்கிறது என்றவுடன் பாமசியில் ஏதாவது திரவம் வாங்கியோ, டெட்டோல் கலந்த தண்ணியையோ வேப்பிலை அவித்த தண்ணியையோ எடுத்தோ யோனிக்குள்ளே விட்டுக் கழுவுகிற பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள், இதை யாரோடும் கதைப்பதும் இல்லை. நேராகவே சொல்கிறேன். உள்ளே எதையும் விட வேண்டாம், நல்ல கிணற்றுத் தண்ணியைக்கூட.

உள்ளே லக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியாக்கள் வாழ்கின்றன, அவை லக்டிக் அமிலத்தை உண்டாக்கி அந்த இடத்தின் பீஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை புளிப்பாக வைத்திருப்பதால்தான் கெட்ட கிருமிகள் பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. அடித்துக் கழுவினால் இந்த நல்லதுகள் போய்விடும், அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம், மணம் இன்னும் கூடும், நீங்கள் இன்னும் கழுவுவீர்கள். தண்ணியின் வேகம் கிருமியைக் கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் மேலே தள்ளிவிடவும் கூடும். அங்கே தொற்று வந்தால் பிள்ளை தங்காமல் போகலாம், குழாயிலேயே கரு தங்கிவிடலாம். உறவுக்குப் பிறகு கழுவினால் கரு தங்காது என்று நம்பவும் வேண்டாம், அது கருத்தடை இல்லை.

துடக்கு கழிந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்று உள்ளே கழுவுகிறவர்களும் உண்டு. தேவையே இல்லை, இரத்தம் தானாகவே வெளியேறிவிடும். பிள்ளை பெற்றவர்கள், இலைகுழை அவித்த வேது தண்ணியில் தாராளமாகக் குளிக்கலாம், சூடு தாங்கக்கூடியதாக இருந்தால் சரி. ஆனால் அதை உள்ளே விடக் கூடாது, தையலும் உட்புறப் புண்ணும் ஆறாத நேரம் அது.

சரி, எப்படிக் கழுவுவது? நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, வெறும் தண்ணியும் கையும் போதும், வெளி மடிப்புகளை முன்னிருந்து பின்னாகக் கழுவி ஒற்றித் துடையுங்கள். சவர்க்காரம் வேண்டுமென்றால் வாசனை இல்லாதது, அதுவும் வெளியே மட்டும். மலசலகூட ஸ்பிரேயை உள்ளே பார்த்துப் பிடிக்க வேண்டாம். நம் வெயிலுக்குப் பருத்தி உள்ளாடைதான் நல்லது. அதை யாரும் பார்த்துவிடுவார்கள் என்று வேறு உடுப்புக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாமல், வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தெளிவாக அல்லது வெள்ளையாக, கடும் மணமில்லாமல் வருவது இயல்பு. மீன் மணத்தோடு சாம்பல் நிறமாக வந்தாலோ, தயிர்த் திரளைபோல வந்து கடித்தாலோ, மஞ்சள் பச்சையாக வந்தாலோ, அடிவயிறு நொந்து காய்ச்சல் அடித்தாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ டொக்டரிடம் போங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, பக்கத்து வீட்டு அக்கா போட்ட குளிசை உங்களுக்குச் சரிவராது. போவதற்கு முந்திய இரண்டு நாளும் உள்ளே கழுவியிருக்கக் கூடாது, பரிசோதனை பிழைக்கும். போதனா வைத்தியசாலைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் கதையுங்கள், எங்கே காட்டலாம் என்று அவர் சொல்வார். வயது 35 அல்லது 45 என்றால், இலங்கையில் பெண்களின் நலத்தைப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக் நடக்கும் நாளையும் அவரிடமே கேளுங்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அங்கே இலவசம்.