ஹெர்மிஸை மூழ்கடித்த ஐச்சி விமானத்தை மேசையில் கட்டுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் யப்பானியக் கடற்படை பயன்படுத்திய பாய்ச்சல் குண்டுவீச்சு விமானம் ஐச்சி டி3ஏ1. அதன் பிளாஸ்டிக் மாதிரியை வாங்கியவர்கள் பலர் பெட்டியைத் திறந்த கையோடு பசையை எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு தேதியைத் தெரிவு செய்யுங்கள். நிறம், உடலில் போடும் பட்டி, தொங்கும் குண்டு, வாலில் வரும் இலக்கம் எல்லாமே தேதியைப் பொறுத்துத்தான் மாறும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு எனக்கு வேறு தேதி தேட வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9. அன்று காலை யப்பானியக் கப்பல்களிலிருந்து இந்த வகை விமானங்கள் 85 கிளம்பி, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடித்தன. கப்பலில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பல் இன்னும் இந்தக் கடலடியில்தான் கிடக்கிறது. ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் அந்த நாளுக்கான விமானத்துக்கு.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். உண்மையான இறக்கை நுனிக்கு நுனி 14.36 மீற்றர். 1/72 என்றால் மாதிரி 20 சென்ரிமீற்றர், 1/48 என்றால் 30. அலுமாரியில் இடமிருந்தால் 1/48 எடுங்கள், கண்ணுக்கும் நல்லது.

இணையத்தில் படம் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. பளபளக்கும் வண்ணப் படங்களில் பறக்கிறவை பெரும்பாலும் பேர்ள் ஹாபர் தாக்குதலைப் பற்றி 1970இல் வந்த 'டோரா! டோரா! டோரா!' படத்துக்காக அமெரிக்கப் பயிற்சி விமானங்களை மாற்றிச் செய்த போலிகள். இறக்கையைப் பாருங்கள். ஓரங்கள் நேர்கோடாகக் குறுகிப் போனால் போலி. உண்மையான ஐச்சியின் இறக்கை நுனிவரை வளைந்து முட்டை வடிவில் முடியும். ஜெர்மனியின் ஹெயின்கல் விமானங்களைப் பார்த்து ஐச்சிக்காரர் கற்றுக்கொண்ட வடிவம் அது. யுத்தகாலக் கறுப்பு வெள்ளைப் படங்களையே நம்புங்கள்.

உள்ளே இரண்டு பேர். முன்னால் விமானி, பின்னால் பின்புறம் பார்த்துச் சுடுகிறவர், வானொலியும் அவர் பொறுப்பு. விமானியின் குறிபார்க்கும் கருவி ஒரு நீளக் குழாய்த் தொலைநோக்கி. அது முன் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும். கண்ணாடியை ஒட்டிய பிறகு குழாயைச் செருகப் போனால் கண்ணாடிதான் வெடிக்கும். குழாய் நுழையும் துளையை முன்கூட்டியே வட்ட ஊசி அரத்தால் சரிபார்த்து, பசையில்லாமல் ஒரு தடவை பொருத்திப் பாருங்கள்.

இனி இறக்கையின் அடிப்பக்கம். இந்த விமானத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, ஆனால் மேசையில் வைத்தால் யாரும் பார்ப்பதில்லை என்று அரைகுறையாக முடித்துவிடுகிறார்கள். சில்லுக் கால்களுக்கு வெளிப்பக்கமாக, இறக்கைக்குக் கீழே இரண்டு நீளப் பட்டைகள் தொங்கும். அவைதான் பாய்ச்சல் பிரேக். செங்குத்தாகக் கப்பலை நோக்கி இறங்கும்போது விமானி அவற்றைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புவார். வேகம் கட்டுக்குள் வரும், குறி பிசகாது. தரையில் நிற்கும் விமானத்தில் அவை காற்றோடு ஒத்துப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். பெட்டியில் வரும் பட்டைகள் தடிப்பாக இருக்கும். நுண்ணிய சாண்ட்பேப்பரைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, பட்டையை விரல் நுனியால் அழுத்தி மெதுவாக வட்டமிட்டுத் தேயுங்கள். ஓரம் கத்தி முனைபோல் மெலிந்தால் போதும். தாங்கு கம்பிகள் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்.

"மாமா, இது சில்லை உள்ளே இழுக்காதா?" என்று என் மருமகன் கேட்டான். இழுக்காது. பாரம் குறைவு, வேலை எளிது என்று ஐச்சி நிலையான கால்களையே வைத்தது. அப்படியிருந்தும் மணிக்கு 380 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. சில்லை மூடியிருக்கும் உறைகள் இரண்டு பாதியாக வரும். இணைப்புக் கோடு தெரியாமல் தேய்த்து முடித்த பிறகே இறக்கையில் ஒட்டுங்கள்.

நடுவில் தொங்குவது 250 கிலோ குண்டு. அதைப் பிடித்திருக்கும் கவட்டைக் கம்பியை விட்டுவிடாதீர்கள். பாய்ச்சலில் குண்டை விடும்போது அந்தக் கவட்டை கீழே ஆடி, மூக்கில் சுற்றும் சுழலியில் குண்டு படாமல் தள்ளிவிடும். இறக்கையில் 60 கிலோ குண்டுகள் இரண்டும் பெட்டியில் இருக்கும். கப்பலைத் தேடிப் போன விமானத்துக்கு நான் அவற்றைப் போடுவதில்லை.

நிறம் பற்றி யப்பானிய விமானப் பிரியர்கள் சண்டை பிடிக்காத நாளில்லை. 1942 ஏப்ரலில் பச்சை வேண்டாம், சாம்பல்தான். ஆனால் சுத்தமான சாம்பலும் வேண்டாம். இளஞ்சாம்பலில் சொட்டு ஒலிவ் பச்சையும் கொஞ்சம் காவி மஞ்சளும் கலந்தால் பழைய படங்களில் தெரியும் அந்த மங்கல் வரும். இயந்திர மூடி கறுப்பு. சுழலியின் முன்பக்கம் பளிச்சென்ற அலுமினியம், நுனியருகே இரண்டு சிவப்புக் கோடு, பின்பக்கம் கரும் பழுப்பு. நிறம் உரிந்ததுபோல் எங்கும் வெள்ளிப் புள்ளி குத்துவது இப்போது பாஷன். கப்பலில் கவனமாகப் பார்த்துக்கொண்ட விமானம் அது. ஏறி இறங்கும் இடத்தில் கொஞ்சம் போதும்.

எங்கள் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி மழையில் லக்கர் பெயின்ற் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் மேற்பரப்பு வெள்ளை பூத்துவிடும். தை பிறந்து நல்ல வெயில் வரட்டும்.

அடுத்தது பட்டி. வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி வரும் பட்டிதான் தாய்க்கப்பலைச் சொல்லும். அகாகிக்கு ஒரு சிவப்பு, சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு நீலம், ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, ஸுயிகாகுவுக்கு இரண்டு வெள்ளை. காகாவின் இரண்டு சிவப்புப் பட்டியும் பெட்டியில் வரலாம். போட்டுவிடாதீர்கள், பாறையில் அடிபட்ட காகா அப்போது திருத்த வேலைக்காக யப்பானுக்குத் திரும்பியிருந்தது. வால் இலக்கம் 2இல் தொடங்க வேண்டும். 1 சண்டை விமானத்துக்கு, 3 டோர்பீடோ விமானத்துக்கு.

ஒட்டுப்படங்களுக்குத் தனித் திரவம் கிடைக்காவிட்டால் வெள்ளை வினாகிரியில் பாதி தண்ணீர் கலந்து தூரிகையால் தடவுங்கள். சிவப்பு வட்டம் கோடுகளுக்குள் படிந்து உட்காரும்.

விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டில் சட்டங்கள் ஏராளம். மாஸ்கிங் ரேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி முதலில் ஒவ்வொரு ஓரத்தையும் கட்டுங்கள், பிறகு நடுவை நிரப்புங்கள். உள்நிறத்தை முதலில் அடித்து அதன்மேல் சாம்பல் அடித்தால் உள்ளேயிருந்து பார்க்கும்போதும் சட்டம் சரியாகத் தெரியும்.

கடைசியில் வானொலிக் கம்பி. பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே உருட்டி, இளகியதும் சுடரை விட்டு விலக்கி இழுங்கள். முடிபோல் நீளும். கூண்டின் மேலுள்ள கம்பத்திலிருந்து வால் உச்சிவரை பிடித்து இரண்டு முனையிலும் பசை ஒற்றுங்கள். தளர்ந்து தொங்கினால், அணைத்த ஊதுபத்தியின் கனலை அருகில் காட்டினால் தானாக இறுகும். தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.