வயலில் விழுந்த சிறு விமானத்தை நெருங்கும்போது

திருகோணமலையின் சீனக்குடா விமானப்படைத் தளத்திலிருந்து எழும் பயிற்சி விமானங்களின் இரைச்சல் தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் வேலை செய்வோருக்குப் பழகிப்போன ஒன்று. 2020 டிசெம்பரில் அவற்றில் ஒன்று கந்தளாய்ப் பகுதியில் விழுந்து பயிற்சி விமானி உயிரிழந்தார். ஓடுபாதைக்கு வெளியே இறங்கும் விமானத்தை முதலில் சென்றடைபவர் பெரும்பாலும் அருகில் நின்ற கமக்காரராகவே இருப்பார்.

முதலில் பொலிஸின் 119 இற்கும், அம்பியூலன்சுக்காக 1990 இற்கும் அழைத்து, அருகிலுள்ள குளத்தின் அல்லது வாய்க்காலின் பெயரைச் சொல்லுங்கள். வரம்பு வழியே வாகனம் வராது என்பதால் ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்புங்கள்.

காற்று உங்கள் முதுகில் படும் பக்கமிருந்தே நெருங்க வேண்டும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தீப்பிடித்தால் புகையும் சுவாலையும் வடகிழக்காகச் சாயும் என்பதால், தென்மேற்கிலிருந்து போவதே நல்லது. இவ்வகை விமானங்கள் பலவற்றில் எரிபொருள் இறக்கைகளுக்குள் இருக்கும். அது மண்ணெண்ணெயன்று, பெற்றோலைப் போல் சட்டெனப் பற்றுவது. பீடி புகைப்பவரைத் தூர நிறுத்துங்கள்.

நின்றுபோன காற்றாடியையும் நம்பாதீர்கள். பிஸ்டன் இயந்திரத்தில் தீப்பொறியைத் தருவது, சுழலும்போது தானே மின்னை உண்டாக்கும் மக்னீற்றோ எனும் கருவி. அதற்கு பற்றரி தேவையில்லை. அதைச் சாவியோடு இணைக்கும் கம்பி அறுந்திருந்தால், சாவியை அணைத்த பின்னரும், காற்றாடியின் அலகைக் கையால் சற்றே திருப்புவது இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுழற்றிவிடக்கூடும். ஆகவே காற்றாடியின் முன்னாலோ அது சுழலும் தளத்திலோ நிற்காமல், இறக்கையின் பின்புறமாகச் செல்லுங்கள்.

தீயோ எரிபொருள் கசிவோ இல்லையெனில், உள்ளே இருப்பவரை இழுத்தெடுக்க அவசரப்படாமல், தலையையும் கழுத்தையும் அசையாது பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதே உதவி. சேற்றில் சில்லுப் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தால், உள்ளிருப்பவர் பட்டியில் தொங்குவார். இரக்கத்தால் பட்டியை உடனே அவிழ்த்தால், அவர் தலைகுத்தாக விழுந்து கழுத்து முறியக்கூடும். இருவர் தோளையும் இடுப்பையும் முட்டுக்கொடுத்துத் தாங்கிய பின்னரே மூன்றாமவர் அதை விடுவிக்க வேண்டும்.

ஆட்களை மீட்ட பின் எந்தத் துண்டையும் எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். அலகுகள் வளைந்த விதத்திலிருந்து, நிலத்தில் மோதியபோது இயந்திரம் இயங்கியதா என்பதை விசாரணையாளர் ஊகிப்பார். சில்லுகள் சேற்றில் கிழித்த கோடுகளும் அவருக்குச் சாட்சி. வேடிக்கை பார்க்க வருவோர் அவற்றை மிதிக்காதபடி, கையிலிருக்கும் வைக்கோற் கயிற்றையாவது சுற்றிக் கட்டிவிடுங்கள்.