தண்டவாளத்துக்கு இரண்டு கை: பாரலல் கைடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மதியம். பட்டறையில் வேலை பழகும் தம்பி 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெலமைன் பூச்சுப் பலகையில் எட்டுத் துண்டு அறுத்து அடுக்கிவிட்டு, கோப்பி குடிக்கப் போயிருந்தான். அடுக்கின் மேல் விரலை ஓட்டினேன். நாலாவது துண்டுக்கும் ஐந்தாவது துண்டுக்கும் நடுவில் நகம் தட்டியது. திரும்பி வந்தவனைக் கேட்டதும், "அண்ணே, ஸ்கேல்ல 560-தானே இருக்கு, நான் தொடவே இல்லையே" என்றான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் பட்டறை. டிராக் சா என்பது அலுமினியப் பட்டை மேல் ஓட்டி நேராக அறுக்கும் கை ரம்பம். அது ஓடுகிற பட்டையைப் பையன்கள் தண்டவாளம் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பாரலல் கைடு என்பது அந்தத் தண்டவாளத்தின் முதுகில், அதாவது பிளேடுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில், இரு முனைகளிலும் செங்குத்தாகப் பூட்டும் இரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் ஸ்கேல் உண்டு. அதன்மேல் நகரும் ஸ்டாப்பர் உண்டு. ஸ்டாப்பரில் சின்னக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புக் கோடு. இரண்டையும் ஒரே அளவில் வைத்து, பலகையின் ஓரத்தில் ஒட்டவைத்து அறுத்தால், ஓரத்திலிருந்து பிளேடு வரைக்கும் அந்த அளவு கிடைக்கும். வேண்டிய துண்டு தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும், கழிவு வெளியே விழும். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு இடத்தில் பென்சில் கோடு போடுகிற வேலை மிச்சம். டேபிள் சா என்கிற பெரிய மேசை ரம்பம் வைக்க இடமில்லாத என் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், வயரைப் பார்த்து வையுங்கள் என்பதெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஸ்கேலை நம்புவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இது ஒன்றுதான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்த ஸ்கேலுக்குப் பிளேடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது, தண்டவாளத்தின் முதுகிலிருந்து ஸ்டாப்பர் எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான். பிளேடு தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பது உங்கள் ரம்பத்தைப் பொறுத்தது, மாட்டிய பிளேடைப் பொறுத்தது, ரம்பத்தின் அடித்தட்டில் ஆட்டம் குறைக்கிற இரண்டு திருகாணிகளை எப்படி முறுக்கினீர்கள் என்பதையும் பொறுத்தது. இவற்றில் எதைத் தொட்டாலும் வெட்டு விழும் இடம் மாறும். ஸ்கேல் மட்டும் 560 என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டுச் சமையலறைக்கு அடுப்பு மேடைக் கேபினட் செய்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. பக்கப் பலகை பன்னிரண்டையும் 560-இல் வைத்து ஒரே நாளில் அறுத்து முடித்தேன். அன்று மாலை ரம்பத்தின் பேரிங் கீச்சிட ஆரம்பித்தது. ஈப்போவுக்கு அனுப்பினால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கோலக்கங்சாரில் இருக்கும் நண்பரிடம் வேறு கம்பெனி ரம்பம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். என் தண்டவாளத்தில் அழகாக உட்கார்ந்தது. சில கம்பெனிகளின் தண்டவாளமும் ரம்பமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது அப்போதும் தெரியும். ஆனால் பொருந்துவது வேறு, பிளேடு அதே இடத்தில் ஓடுவது வேறு என்பது தெரியாது.

கைகளைக் கழற்றவில்லை, ஸ்டாப்பரைத் தொடவில்லை. அடிப்பலகை, நடுத்தட்டு எல்லாவற்றையும் அதே 560-இல் அறுத்தேன். முதல் வெட்டில், தண்டவாளத்தின் வெட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும் ரப்பர் ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு கறுப்பு நூல் உரிந்து விழுந்தது. கண்ணால் பார்த்தேன். குனிந்து எடுத்து குப்பையிலும் போட்டேன். புதுப் பிளேடு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நூல்தான் சேதி. இரவல் ரம்பத்தின் பிளேடு என்னுடையதைவிட உள்ளே, தண்டவாளத்தை ஒட்டி ஓடியது. அதனால் அறுத்த துண்டெல்லாம் 558.6. பசை காய்ந்து, கதவும் மாட்டிய பிறகு டீச்சரம்மா வந்து பார்த்தார். கேபினட்டைத் திறந்து முன்பக்கம் விரலால் தடவினார். "என்னய்யா, இங்க படிக்கட்டு மாதிரி இருக்கே" என்றார். ஒன்றரை மில்லிகூட இல்லை. ஆனால் வெள்ளை எட்ஜிங் பட்டை ஒட்டிய முன்விளிம்பில் அது நிழலாகத் தெரிந்தது. ஆறு கேபினட்டிலும்.

ஒட்டுவதற்கு முன் கண்டிருந்தால் செலவே இல்லை. பக்கப் பலகைகளையும் அதே இரவல் ரம்பத்தில் ஒருமுறை ஓட்டி, எல்லாவற்றையும் 558.6 ஆக்கியிருக்கலாம். 560-க்கு அங்கே எந்த மகிமையும் கிடையாது, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒட்டிய பிறகு கண்டதால் ஐந்து முழுப் பலகையும் இரண்டு ராத்திரியும் போனது. அதோடு முடியவில்லை. என் ரம்பம் ஈப்போவிலிருந்து திரும்பியபோது, ரப்பர் ஓரம் வெட்டுக்கோட்டிலிருந்து விலகி நின்றது. அந்த ஓரம் பலகையை வெட்டின் விளிம்பிலேயே அழுத்திப் பிடித்தால்தான் மெலமைன் சில்லுப் பெயராது. இப்போது அழுத்த ஆள் இல்லை. முதல் வெட்டிலேயே விளிம்பு எலி கடித்தது போல வந்தது. புது ரப்பர் வாங்கி ஒட்டினேன்.

தம்பி போன மாதம் செய்ததும் இதன் தங்கச்சிதான். நாலு துண்டுக்குப் பிறகு மழுங்கிய பிளேடைக் கழற்றிவிட்டு மெல்லிசான வேறு பிளேடு மாட்டியிருக்கிறான். ரம்பம் மாறவில்லை, ஸ்கேல் மாறவில்லை, அதனால் அளவும் மாறியிருக்காது என்று நினைத்துவிட்டான்.

நான் இப்போது செய்வது இதுதான். ஸ்டாப்பர் இரண்டையும் 100-இல் வைத்து, எடுத்துப்போடும் பலகையில் ஒரு கீற்று அறுப்பேன். 100 ஏனென்றால் 150 மில்லி வெர்னியர் அளவுகோலுக்குள் அடங்கும், அளவு நாடாவை நம்ப வேண்டியதில்லை. என் தண்டவாளத்தின் அகலம் சுமார் 19 சென்டிமீட்டர், அதனால் 100-க்கு வைக்கும்போது ஸ்டாப்பரை அடியில் கொண்டுபோகும் குட்டிக் கை வேண்டும். அது இல்லாதவர்கள் 300-இல் அறுத்து, நல்ல இரும்பு ஸ்கேலால் அளக்கலாம். கீற்று 99.3 வந்தால், சிவப்புக் கோட்டின் திருகாணியைத் தளர்த்தி, ஸ்டாப்பரை அசைக்காமல், கோட்டை மட்டும் 99.3-க்கு நகர்த்துவேன். ரப்பர் ஓரத்திலிருந்து ஸ்டாப்பர் வரை நாடா பிடித்துச் சரிசெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தேய்ந்திருக்கலாம், நகர்ந்திருக்கலாம். அறுத்த துண்டைத்தான் அளக்க வேண்டும்.

ரம்பம் மாறினால், பிளேடு மாறினால், ரப்பர் மாறினால், அடித்தட்டுத் திருகாணியைத் தொட்டால், மறுபடி ஒரு கீற்று. ஐந்து நிமிடம்.

இரண்டு கையும் ஒரே பேச்சு பேசுகிறதா?

இடது கை சரியாக இருந்து வலது கை அரை மில்லி தள்ளியிருந்தால், துண்டு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் வரும். 2440 மில்லி நீளத்தில் அரை மில்லியைக் கண் பிடிக்காது. ஆனால் அலமாரிக் கதவு பிடித்துவிடும்.

கண்டுபிடிக்க அளவே வேண்டாம். ஒரே அமைப்பில் இரண்டு கீற்று அறுங்கள். ஒன்றை மேசையில் வைத்து, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி, முனைமாற்றி அதன்மேல் அடுக்குங்கள். பக்கங்கள் இரு முனையிலும் ஒட்டி நின்றால் சரி. ஒரு முனையில் மேல்கீற்று நீட்டி, மறுமுனையில் உள்வாங்கினால் கைகள் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். திருப்பி வைப்பதால் பிழை இரட்டிப்பாகி நகத்துக்கே தெரியும்.

பலகையின் ஓரம் நேர் என்று நினைப்பது

8-க்கு 4 அடிப் பலகை கடையிலிருந்து வரும்போது ஓரம் நேராகத்தான் தெரியும். லாரியில் இழுபட்டு, மூலை இடிபட்டு, சில நேரம் நடுவில் வயிறு தள்ளி வருகிறது. ஸ்டாப்பர்கள் தொடுவதோ இரண்டு புள்ளியை மட்டும். வெட்டுப் பக்கம் நேராக வரும், ஓரப் பக்கம் பழைய வளைவோடே இருக்கும். அளக்கும் இடத்தில் சரியாக இருந்துவிட்டு நடுவில் பொய் சொல்லும். முதலில் ஒரு ஓரத்தில் ஐந்து மில்லி தட்டிவிட்டு, அந்தப் புது ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

ப்ளைவுட்டுக்கு இது போதும். பால்மரப் பலகைக்கு, அதாவது ரப்பர் மரப் பலகைக்கு, போதாது. இந்த ஊர்ப் பக்கம் தோட்டங்களில் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் சீவி ஓய்ந்த மரம்தான் துண்டு துண்டாக, விரல் கோத்தது போல ஒட்டப்பட்டு ஃபிங்கர் ஜாயிண்ட் பலகையாக நம் மேசைக்கு வருகிறது. என் தாத்தா சீவிய மரத்தின் பேரன் என்று விளையாட்டாகச் சொல்வேன். நல்ல மரம், இழைப்புக்கு அடங்கும், சாயமும் ஏற்கும். ஆனால் திட மரம் திட மரம்தான். அகலப் பலகையைக் கீற்றாக அறுத்ததும் உள்ளே கட்டுண்டிருந்த இறுக்கம் அவிழ்ந்து, நேராக வெட்டிய விளிம்பே வில் மாதிரி லேசாக வளையும். நாலு மணி மழை நாளில் இன்னும் மோசம். அதனால் இரண்டு மூன்று மில்லி கூடுதலாக அறுத்து, இரவு முழுக்க இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி குச்சி கொடுத்து அடுக்கிவிட்டு, மறுநாள் விளிம்பைத் திருத்தி இறுதி அளவுக்கு அறுக்கிறேன். அவசர வேலைக்கு இது ஒத்துவராது. அவசர வேலைக்குப் பால்மரமே வேண்டாம்.

குறுகிய கீற்றில் தண்டவாளம் அந்தரத்தில்

70 மில்லி கீற்று அறுக்கும்போது தண்டவாளத்தின் பாதிக்கு மேல் அடியில் பலகை இல்லை. ரம்பத்தின் பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழும், வெட்டு சாயும், சில சமயம் பிளேடு கவ்விப் பின்னால் உதைக்கும். அதே தடிப்புள்ள பலகைத் துண்டு ஒன்றை இரண்டு ஸ்டாப்பருக்கும் நடுவில், ஓரத்தை இடிக்காமல் அடியில் கொடுங்கள். 18 மில்லிக்கு 18 மில்லி. "ஏறக்குறைய" என்று 16 மில்லி கொடுக்கிறார்கள், அது கொடுக்காததற்குச் சமம்.

சிலர் கைடைத் திருப்பிப் போட்டு, பெரிய பலகையின் மேல் தண்டவாளத்தை வைத்து, கீற்று வெளியே விழும்படி அறுப்பார்கள். தாங்கல் நன்றாக இருக்கும். ஆனால் அப்போது பிளேடு தின்கிற தடிப்பு கணக்கில் வருகிறது, என் பிளேடில் அது 2.2 மில்லி. மறந்தால் கீற்றெல்லாம் அந்த அளவுக்குப் பிசகும்.

இரண்டு தண்டவாளத்தை இணைப்பது

1400 மில்லித் தண்டவாளம் இரண்டைச் சேர்த்தால் 2800, முழுப் பலகைக்குப் போதும். ஆனால் கைகள் முனைகளில்தான் இருக்கின்றன, நடுவில் இணைப்பு முழங்கை மடக்கியது போல வளைந்திருந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. இணைப்புத் திருகாணியை முறுக்கும் முன் நேரான நீளச் சட்டம் ஒன்றை முதுகில் ஒட்டிப் பிடியுங்கள்.

அழுத்துவது

ஸ்டாப்பர் ஓரத்தைத் தொட்டால் போதும், தள்ளினால் கை நெளியும்.

தூசு

ஊதிவிட்டு வையுங்கள்.

ஸ்டாப்பரைப் பாதியில் நகர்த்துவது

560 துண்டு எல்லாம் முடியும் வரை 560-தான். நடுவில் 300 ஒன்று வேண்டும் என்று நகர்த்திவிட்டுத் திரும்ப 560-க்கு வந்தால், அது பழைய 560 அல்ல. கண் சிவப்புக் கோட்டை இன்னொரு கோணத்தில் பார்த்திருக்கும். இதற்காகவே அறுக்க வேண்டிய பட்டியலை அகலவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன்.

இப்போது அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. தம்பி பிளேடு மாற்றும்போதெல்லாம் அறுக்கும் சோதனைக் கீற்றில் தேதியும் வந்த அளவும் எழுதி, ஓட்டை போட்டு அதில் மாட்டவேண்டும் என்பது என் கட்டளை. இதுவரை ஆறு தொங்குகின்றன. நேற்று மாட்டியதில் பென்சிலால் 99.4 என்று எழுதியிருந்தான். சிவப்புக் கோட்டை நகர்த்தினானா என்று இன்னும் கேட்கவில்லை. இன்று அறுத்த அடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.