தீபாவளிக்குத் தேய்த்த கார்டு பொங்கலில் கடிக்காமல் இருக்க

மதுரையில் தீபாவளிச் சீட்டு தெரியாத தெரு கிடையாது. மாசாமாசம் ஐந்நூறோ ஆயிரமோ கட்டி வந்தால் ஐப்பசியில் பட்டாசுப் பெட்டி, ஸ்வீட், பாத்திரம் என்று பொருளாகக் கைக்கு வந்துவிடும். கிரெடிட் கார்டும் ஒரு சீட்டுதான், ஆனால் தலைகீழ்ச் சீட்டு. பொருள் முதலில் வீட்டுக்கு வரும், தவணை பின்னால் வரும். அந்தத் தவணை வந்து நிற்பது பெரும்பாலும் மார்கழியில், பொங்கல் செலவு தலைதூக்கும் அதே நேரத்தில். கடைக்குக் கிளம்புமுன் ஆஃபர் பார்ப்பது இருக்கட்டும், முதலில் காலண்டரை எடுங்கள்.

இரண்டு தேதிகள்

கார்டு ஆப்பிலோ பழைய பில்லிலோ இரண்டு தேதி இருக்கும். ஒன்று பில் போடும் தேதி, மற்றது பணம் கட்டக் கடைசித் தேதி. இரண்டுக்கும் நடுவே பொதுவாக 18 முதல் 20 நாள் இடைவெளி.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பில் தேதி 25, அதன் பிறகு 20 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 18 ஞாயிறு விளக்குத்தூண் பக்கம் போய்த் துணி எடுத்தால் அது 25-ஆம் தேதி பில்லில் ஏறும். நவம்பர் 14-க்குள் கட்ட வேண்டும். கையில் இருப்பது 27 நாள். அதே துணியை நவம்பர் 1 ஞாயிறு எடுத்தால் நவம்பர் 25 பில்லில் வந்து, டிசம்பர் 15 வரை 44 நாள் கிடைக்கும். துணி எடுத்ததில் இரண்டு வாரம்தான் வித்தியாசம், பணம் கட்டுவதில் ஒரு மாதம்.

பில் தேதியை ஒட்டி, அதாவது 23, 24-ஆம் தேதிகளில் வாங்கினால் அது எந்தப் பில்லில் விழும் என்று சொல்ல முடியாது. கடை மெஷினில் தேய்த்தது வங்கிக் கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். தேதி முக்கியம் என்றால் 26 தாண்டியே போங்கள்.

அவகாசம் நீளமாக இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அக்டோபரில் வரும் போனஸ் டிசம்பர் 15 வரை சேமிப்புக் கணக்கில் சும்மா இருக்காது. கல்யாண மொய், ஸ்கூல் ஃபீஸ் என்று ஏதாவது ஒன்று அதைத் தின்றுவிடும். கார்டில் தேய்த்த அன்று இரவே அந்தத் தொகையை வேறு ஒரு கணக்குக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. ஒரு மாத டெபாசிட்டாகப் போட்டாலும் சரி, பார்வையிலிருந்து போனால் போதும்.

பில் தேதி உங்கள் சம்பள நாளோடு ஒத்துவரவில்லையா? ரிசர்வ் வங்கியின் 2024 விதிப்படி, பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வங்கியிடம் கேளுங்கள். அதைத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே செய்துகொள்ள வேண்டும். நடுவில் மாற்றினால் ஒரு பில் சுருங்கியோ நீண்டோ வந்து குழப்பும்.

எவ்வளவு வரை

கார்டில் ஒன்றரை லட்சம் லிமிட் இருக்கலாம். அது வங்கி போட்ட கணக்கு. நம் கணக்கு வேறு: கடைசித் தேதி விழும் மாதத்தின் சம்பளம், அதோடு ஒதுக்கி வைத்த போனஸ், இதில் வாடகை, பால், மளிகை, ஸ்கூல் வேன், ஏற்கெனவே ஓடும் தவணைகள் எல்லாம் கழித்து மிஞ்சுவது. அதிலும் ஐந்தாயிரம் குறைத்துக்கொண்டால் நல்லது, மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடு குறைவு.

அந்தத் தொகையை ஆப்பிலேயே போட்டுவிடலாம். கடையில் தேய்க்க, ஆன்லைனில் வாங்க, தட்டிக் கட்ட என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உச்சவரம்பு வைக்கும் வசதி எல்லாக் கார்டிலும் உண்டு. 30,000 என்று வைத்தால் 30,001 போகாது. கடையில் நான்கு பேர் முன்னால் கார்டு மறுக்கப்பட்டால் சங்கடம்தான். டிசம்பரில் வரும் சங்கடத்துக்கு அது பரவாயில்லை.

அடுத்த சில மாதத்தில் வீட்டுக் கடன் எடுக்கப் போகிறவர்கள் லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வங்கிகள் இப்போதெல்லாம் கடன் விவரத்தை மாதத்தில் ஒரு முறைக்கு மேலேயே, கிரெடிட் ஸ்கோர் போடும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. தீபாவளிச் செலவு ஸ்கோரில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

கவுன்டரில்

மாசி வீதிகளிலும் தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளிலும் சின்னக் கடைக்காரர்கள் பில் போட்ட பிறகு சொல்வார்கள்: "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்." 25,000-க்கு அது 500 ரூபாய். கார்டில் கிடைக்கும் பாயின்ட் அதில் பாதி மதிப்புக்கு வந்தாலே பெரிது. நகைக்குப் பல கார்டுகளில் பாயின்ட்டே கிடையாது. அதனால் பேரம் பேசும்போதே, பில் போடுவதற்கு முன், "கார்டுக்கும் இதே விலைதானா அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுங்கள். கூடக் கேட்டால் யுபிஐயில் கணக்கிலிருந்தே கொடுத்துவிடலாம். நகைப் பில்லை இஎம்ஐயாக மாற்ற வங்கிகள் விடுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். "அப்புறம் தவணையாக்கிக்கலாம்" என்று நினைத்து நான்கு பவுன் தேய்த்தால் முழுத் தொகையும் ஒரே பில்லில் நிற்கும்.

பத்துத் தூண், விளக்குத்தூண் சுற்றிலும் தீபாவளிக்கு முந்தின வாரம் பிளாட்பாரக் கடைகளில் க்யூஆர் அட்டைதான். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்திருந்தால் வியாபாரி க்யூஆரில் அது வேலை செய்யும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டியிருந்தால் போகாது. அத்தனை கூட்டத்தில் நெட்வொர்க்கும் திணறும். "பென்டிங்" என்று நின்றால் உடனே இரண்டாம் முறை போடாதீர்கள். சில்லறைச் செலவுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ ரொக்கமாக எடுத்துப் போவது எல்லோருக்கும் நிம்மதி.

கடை மெஷினில் பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ் வந்து, கடையில் ரசீது வராமல் போவதும் உண்டு. அப்படிப்பட்ட பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வையுங்கள்.

பின் நம்பர் இல்லாமல் தட்டிக் கட்டுவது 5,000 ரூபாய் வரை போகும். நெரிசலில் கார்டு தொலைந்தால் எடுத்தவர் பல முறை தட்டலாம். கூட்டத்துக்குள் நுழையுமுன் ஆப்பில் அந்த வசதியை அணைத்துவிட்டுப் போங்கள். கார்டைக் காணோம் என்றால் தேடுவது அப்புறம், முதலில் ஆப்பில் பிளாக்.

ஆஃபர் விஷயத்தில் சின்ன எழுத்தைப் படித்தால் போதும். "10% தள்ளுபடி, அதிகபட்சம் 1,500" என்றால் 15,000-க்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தள்ளுபடி பூஜ்யம். கேஷ்பேக் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும், இந்தப் பில்லில் குறையாது.

நோ காஸ்ட் இஎம்ஐ

டிவி, ஃப்ரிட்ஜ் விற்கிற இடத்தில் இதுதான் பெரிய போர்டு. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறது, வங்கி வழக்கம்போல வட்டி வாங்குகிறது.

36,000 ரூபாய் டிவி, மாதம் 4,000 வீதம் 9 தவணை என்று எடுத்துக்கொள்வோம். 16 சதவீத வட்டியில் வங்கி உங்கள் பெயரில் எழுதும் கடன் சுமார் 33,713. மீதி 2,287 வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 412 ரூபாய், இதைத் தள்ளுபடி மூடாது. பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆகக் கூடுதல் 647 ரூபாய். ஒன்பது மாத அவகாசத்துக்கு இது மோசமில்லை, தெரிந்து கொடுத்தால். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்: "இஎம்ஐ வேண்டாம், இப்பவே முழுசாக் கொடுத்தா என்ன விலை?" அங்கே 2,000 குறைந்தால் நோ காஸ்ட்டின் உண்மையான காஸ்ட் அதுவும் சேர்ந்ததுதான்.

தவணை போட்டதும் கடன் தொகை முழுவதும் லிமிட்டில் முடங்கும், கட்டக் கட்டத்தான் விடுபடும். டிவியைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் ரீஃபண்ட் சொன்னதோடு நிறுத்தாமல் வங்கிக்கும் போன் போட்டு இஎம்ஐயை ரத்துச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பணம் ஒரு பக்கம் வரவாக நிற்க, தவணை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

மினிமம் டியூ

பில்லில் இரண்டு தொகை இருக்கும். மொத்தம் 40,000, குறைந்தபட்சம் 2,000. அந்த 2,000-ஐக் கட்டினால் லேட் ஃபீ வராது, கட்டத் தவறியதாகப் பதிவாகாது. அதற்கு மேல் அதனால் ஒரு பயனும் இல்லை.

நவம்பர் 1 அன்று 40,000-க்கு வாங்கியவர் டிசம்பர் 15 அன்று 2,000 மட்டும் கட்டுகிறார். வட்டி மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. மீதி 38,000-க்கு வட்டி ஓடுவது டிசம்பர் 15-லிருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஓடுவது வாங்கிய நாளான நவம்பர் 1-லிருந்து. டிசம்பர் 25 பில் வரை 54 நாள்: வட்டி 2,361, அதன் மேல் ஜிஎஸ்டி 425. புது பாக்கி 40,786. இரண்டாயிரம் கட்டிய பிறகும் வாங்கியதைவிட அதிகமாகக் கடன்.

இன்னொரு அடியும் உண்டு, அதுதான் பொங்கலில் கடிப்பது. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கு இலவச நாட்களே கிடையாது. ஜனவரி 5 அன்று பொங்கலுக்கு 12,000-க்குத் தேய்த்தால் அன்றிலிருந்தே நாளுக்குச் சுமார் 14 ரூபாய் வட்டி. பாக்கி இருக்கும் கார்டைப் பொங்கலுக்கு எடுக்கவே வேண்டாம். கரும்பும் துணியும் கைக்காசில்தான்.

கணக்கிலிருந்து தானாகவே பில் கட்டும் ஆட்டோபே போட்டிருப்பவர்கள் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். பல பேருக்கு அது "மினிமம்" என்பதில் நிற்கிறது. "மொத்தத் தொகை" என்று மாற்ற வேண்டும். கையால் கட்டுகிறவர்கள் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டிவிடுவது நல்லது. கடைசித் தேதி தாண்டி மூன்று நாள் வரை லேட் ஃபீ போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பது இதைவிட மோசம்: எடுத்தவுடன் கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. "கார்டைத் தேய்த்தால் கையில் கேஷ்" என்று கமிஷனுக்குச் செய்து தருகிறவர்களிடமும் போகாதீர்கள். வாங்காத பொருளுக்குப் பில் போடும் வேலை அது. வங்கி கண்டுபிடித்தால் கார்டையே முடக்கும்.

பட்டாசு சைட்டுகள்

சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் "80% தள்ளுபடி, வீட்டுக்கே டெலிவரி" விளம்பரம் போனுக்கு வந்துவிடும். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சைட்டில் கார்டு எண் போடுவது, எண்ணைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். நேரில் கார் எடுத்துப் போய் வாங்கி வாருங்கள்.

தெரியாத செலவு எஸ்எம்எஸ்ஸில் வந்தால் கார்டைப் பிளாக் செய்து, வங்கியிடம் புகார் எண் வாங்கி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் கூப்பிடுங்கள். ஓடிபியை நாமே சொல்லிவிட்டோம் என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனது நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

பாக்கி அடுத்த சம்பளத்தில் முடியாத அளவுக்கு இருந்தால் மினிமம் கட்டிக்கொண்டே இழுக்காதீர்கள். முதலில் வங்கியிடம் பாக்கியைத் தவணையாக மாற்றக் கேளுங்கள், வட்டி பாதிக்கும் கீழே இறங்கும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் அதைவிடவும் மலிவு. அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று சொல்லி 42 சதவீதம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. வளையல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, சம்பளம்தான் இல்லை.

முழுப் பாக்கியையும் அடைத்த பிறகு அடுத்த பில்லில் 200, 300 ரூபாய் வட்டி தனியாக வரக்கூடும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அது. தவறு என்று நினைத்து விட்டுவிட்டால் அதன் மேல் லேட் ஃபீ ஏறும். அதையும் கட்டுங்கள். வட்டி என்ற வரியில் பூஜ்யம் காட்டும் பில் ஒன்று வந்த பிறகு கார்டைப் பர்ஸில் வைக்கலாம்.